நிதி சேகரிப்பு இராவிருந்தில் விருந்தினரை முறைப்படி படமெடுப்பது எப்படி? (திருகோணமலை)

கேள்வி: உட்துறைமுக வீதியான்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை நகரில் ஆசிரியனாகப் பணியாற்றுகிறேன். படப்பிடிப்பு எனது தொழில் அல்ல. ஆயினும் பத்து ஆண்டுகளாகப் பாடசாலை விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றைப் படமெடுத்து வருகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவரவேண்டிய சிறுநீரக நோயாளர்களின் போக்குவரத்துச் செலவுக்கென, எங்கள் பழைய மாணவர்கள் சிலர் ஓகஸ்ட் மாத இறுதியில் நிதி திரட்டும் இராவிருந்து ஒன்றை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ 120 பேர் வருவார்கள். தனியாகவோ, துணையோடோ, குடும்பமாகவோ வரும் ஒவ்வொருவரையும் முறையாக ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, அட்டையில் வைத்து, வீடு திரும்பும்போது கையில் கொடுக்கவேண்டும் என்று குழு தீர்மானித்து, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது.

என்னிடம் இருப்பவை: சிறிய உணரி கொண்ட கமரா ஒன்று, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், 50 மில்லிமீற்றர் லென்ஸ், கமராவின் தலையில் பொருத்தும் பிளாஷ் இரண்டு, அவற்றைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி, பிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக் குடை ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று. மண்டபம் குளிரூட்டப்பட்டது. கூரை முழுவதும் எல்ஈடி விளக்குகள். வாசலை ஒட்டி 15 அடி அகலமும் 18 அடி ஆழமும் கொண்ட ஒரு மூலையைத் தரலாம் என்கிறார்கள். வெளியே உட்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு தோட்டமும் இருக்கிறது. விருந்தினர் ஆறரை மணிக்கு வரத் தொடங்குவார்கள் என்பதால், சூரியன் துறைமுகத்தில் இறங்கும் காட்சியைப் பின்னால் வைத்துத் தோட்டத்திலேயே எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். குழுவில் சிலரோ, அனுசரணையாளர்களின் பெயர்கள் அச்சிட்ட பிளெக்ஸ் பதாகையைப் பின்னணியாக வைக்கவேண்டும் என்கிறார்கள்.

கடந்த ஆண்டு இதைப் போன்ற ஒரு நிகழ்வில் நான் எடுத்த படங்களில் முகங்கள் பச்சை பாய்ந்திருந்தன. வெள்ளை வேட்டி அணிந்தவர்களின் முகம் இருண்டுபோயிற்று. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கண்ணே தெரியவில்லை. ஒரு முதியவர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. இம்முறை அவ்வாறு நடக்கக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய படப்பிடிப்பாளர்

தம்பி, தோட்டத்து யோசனையை முதலில் கைவிடுங்கள். உட்துறைமுகம் நகருக்கு மேற்கே இருப்பதால் சூரியன் அங்கே இறங்குவது உண்மைதான். அந்த அழகைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஓகஸ்ட் இறுதியில் ஆறே கால், ஆறு இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு அந்தி வெளிச்சமும் இருபது நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. ஆறரைக்கு வரும் முதல் குடும்பம் நீல வானத்தைப் பின்னால் வைத்து அழகாக நிற்கும். ஏழு மணிக்கு வருபவர்கள் கரிய இருட்டை வைத்து நிற்பார்கள். ஒரே நிகழ்வில் ஒருவருக்கு ஒரு விதமாகவும் மற்றவருக்கு வேறு விதமாகவும் படம் கொடுப்பது மரியாதை ஆகாது. காற்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் கடலோரத் திருமணம் ஒன்றில் கச்சான் காற்று எனது குடையை ஸ்டாண்டோடு தூக்கி எறிந்தது. ஒரு குழந்தை நின்ற இடத்திலிருந்து இரண்டு அடி தள்ளி அது விழுந்தது. அன்றைக்குப் பிறகு வெளியில் குடையை விரிக்கும்போதெல்லாம் அதன் காலில் ஏழெட்டுக் கிலோ மணல் மூட்டை கட்டாமல் விட்டதில்லை. மண்டபத்துக்குள்ளேயும் கட்டுங்கள், வாசல் கதவு திறந்து மூடும் இடம் அது.

அடுத்தது நேரக் கணக்கு. 120 பேர் என்றால் தனியாட்கள், துணைகள், குடும்பங்கள் எல்லாம் சேர்த்து ஐம்பது தடவையாவது படமெடுக்கவேண்டி வரும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் நூறு நிமிடம். வருகை நேரமோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இராது. ஆகவே வருபவர்கள் அனைவரையும் வாசலிலேயே மறித்து வரிசையில் நிறுத்தாதீர்கள். பாதிப் பேரை வருகையின்போது எடுத்துவிட்டு, மீதிப் பேரை உணவு பரிமாறும் நேரத்தில் மேசை மேசையாக அழைப்பது நல்லது. அதை அழைப்பிதழ் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்குறை இராது. நேரம் போதவில்லை என்பதற்காக அந்த இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைக்கவேண்டாம். அந்த நேரத்தில்தான் மனிதர் தன்னுடைய முகத்துக்குத் திரும்பி வருகிறார்.

இனி வெளிச்சம். மாலை முழுவதும் வெளிச்சம் அசையக்கூடாது என்பதே எனது கொள்கை. ஒரு முறை சரியாக அமைத்து, நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டி அடையாளமிட்டு, அதன் பிறகு அதை மறந்துவிட்டு மனிதரைக் கவனியுங்கள். உங்கள் 18 அடி ஆழத்தை இப்படிப் பிரிக்கலாம்: பின்னணித் திரைக்கும் ஆளுக்கும் இடையில் 5 அடி, ஆளுக்கும் கமராவுக்கும் இடையில் 10 அடி, மீதி 3 அடி நீங்கள் நிற்பதற்கு. தனியாட்களுக்கும் துணைகளுக்கும் உங்கள் 50 மில்லிமீற்றர் லென்ஸ் மிகப் பொருத்தமானது. சிறிய உணரியில் அது ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் லென்ஸ் போல நடந்துகொள்வதால் ஆளை நெருங்கிப் போகத் தேவையில்லை; மூக்கும் நெற்றியும் புடைத்துத் தெரியாது. குடும்பமாக வந்தால் மற்ற லென்ஸை 35இல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போகவேண்டாம், ஓரத்தில் நிற்பவர்கள் விரிந்துபோவார்கள்.

குடையை ஆளிடமிருந்து ஆறேழு அடி தூரத்தில், கமராவுக்கு ஒரு பக்கமாக நாற்பத்தைந்து பாகையில், முகத்தை விடச் சற்று உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில், படத்துக்குள் வராதபடி, ஆளுயர ரெஜிபோம் அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் பக்கம் மென்மையாகும். இரண்டாவது பிளாஷ் தேவையில்லை. அது சேமிப்பில் இருக்கட்டும். ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் 400, ஷட்டர் நொடியில் 160இல் ஒரு பங்கு, லென்ஸின் துவாரம் எஃப் 8, பிளாஷ் கால்வாசி வலு என்று தொடங்கிப் பாருங்கள். கால்வாசி வலுவில் பிளாஷ் விரைவாக மீண்டும் தயாராகும், சூடேறாது. இருந்தாலும் மீள்மின்னேற்றும் பற்றரிகளை மூன்று தொகுதியாவது கொண்டுசெல்லுங்கள்.

பச்சை பாய்ந்ததற்குக் காரணம், கூரை எல்ஈடியின் வெளிச்சமும் உங்கள் பிளாஷின் வெளிச்சமும் ஒரே படத்தில் கலந்ததுதான். இரண்டும் வெவ்வேறு நிறம். அதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. எல்லாவற்றையும் அமைத்த பிறகு பிளாஷை அணைத்துவிட்டு, அதே அளவுகளில் ஒரு படம் எடுங்கள். படம் முற்றாகக் கறுப்பாக வரவேண்டும். கறுப்பாக வந்தால் கூரை விளக்கு உங்கள் படத்துக்குள் நுழையவில்லை என்று பொருள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் எந்த விளக்கு அது என்று தேடிப் பிடித்து, அணைக்கச் சொல்லுங்கள் அல்லது இடத்தை மாற்றுங்கள். அதன் பின்னர் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பிளாஷ் குறியில் நிறுத்திவிடுங்கள்.

வேட்டி கட்டியவரின் முகம் இருண்டது கமராவின் தானியங்கி அளவீட்டால். அது வெள்ளையைக் கண்டால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். கறுப்பைக் கண்டால் எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும். கைமுறை அளவில் வைத்துவிட்டால் வேட்டி கட்டியவரும் கறுப்பு அபாயா அணிந்தவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்பார்கள். வேட்டியின் மடிப்புகள் தெரியும் எல்லைக்குச் சற்றுக் கீழே வெளிச்சத்தை நிறுத்துங்கள். கமரா பதியும் மூலக் கோப்பினையும் (RAW) சேர்த்துச் சேமித்தால் முகத்தைப் பின்னர் தேவையான அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் உயர்த்துவது வேறு, வெளுப்பாக்குவது வேறு. கணினியில் தோலை வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் நிலைத்துவிட்டது. நான் அதை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. ஒருவருடைய நிறம் அவருடைய தாயும் தந்தையும் கொடுத்தது. அதில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை.

பின்னணிக்குப் பிளெக்ஸ் வேண்டாம். அது பளபளக்கும்; பிளாஷ் பட்டால் தோளுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு விழும். பிரதான வீதித் துணிக்கடைகளில் நடுத்தரச் சாம்பல் நிறப் பருத்தித் துணி வாங்கி, 12 அடி அகலத்துக்குத் தைத்து, சுருக்கம் நீங்க இழுத்துக் கட்டுங்கள். வெள்ளைத் திரையில் வேட்டி கரைந்துவிடும், கறுப்புத் திரையில் தலைமுடியும் அபாயாவும் கரைந்துவிடும். சாம்பலில் மட்டுமே இரண்டும் பிரிந்து தெரியும். அனுசரணையாளர் பதாகையை வாசலில் வையுங்கள். அவர்களுக்கும் அங்கே தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் மனம் நிறையும்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய மாதங்களில் நான் வேலை செய்த ஸ்டூடியோவுக்கு மக்கள் நனைந்த படங்களைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படங்கள் உப்பு நீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடியோடு ஒட்டியிருந்தன; பிரித்தெடுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் தாள் கையில் வரும். பலரிடம் அதுவும் இல்லை. அடையாள அட்டையில் இருந்த விரல் நகமளவுப் படத்தைக் கொடுத்து, இதைப் பெரிதாக்கித் தாருங்கள், சுவரில் மாட்டவேண்டும் என்று கேட்டார்கள். எங்களால் முடிந்தவரை செய்து கொடுத்தோம். பெரிதாக்கியபோது கண் இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் புள்ளிகள்தான் இருந்தன. உங்கள் விருந்துக்கு வருபவர்களில் பலருடைய வீட்டில், அவர்கள் தனியாக, நல்ல உடையில், நல்ல வெளிச்சத்தில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கக்கூடும். அதை மனத்தில் வைத்து எடுங்கள்.

பதில்: கிண்ணியா ஆசிரியை

வெளிச்சம் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் நிற்பவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் மாவட்டத்தில் இவ்வாறான விருந்துக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக வருவார்கள். அதனால் படமெடுக்கும் மூலையில் உங்களோடு பெண் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். சேலைத் தலைப்பைச் சரிசெய்வது, முந்தானை மடிப்பை நேராக்குவது, தலைமறைப்பின் ஓரத்தில் ஊசி குத்திவிடுவது, கழுத்துச் சங்கிலியின் பதக்கத்தை நடுவுக்குக் கொண்டுவருவது ஆகிய எல்லாவற்றையும் அவரே செய்யட்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். இதற்கு முன்னர் நான் கலந்துகொண்ட ஒரு நிகழ்வில், படமெடுத்த இளைஞர் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு தாயின் தோளைப் பிடித்துத் திருப்பினார். அந்தத் தாய் அந்த இடத்திலேயே திரும்பி நடந்துவிட்டார். அவருடைய குடும்பமும் அவரைப் பின்தொடர்ந்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை கிடைக்காமல் அந்த இளைஞர் நின்றதை நான் பார்த்தேன்.

சில பெண்கள் ஆண் ஒருவர் படமெடுப்பதையே விரும்பமாட்டார்கள். அவர்களுக்காக, வெளிச்சம் அசையாமல் இருக்கும் உங்கள் ஏற்பாடு மிகவும் உதவும்; அளவுகள் எல்லாம் நிலையாக இருப்பதால், பொத்தானை அழுத்தத் தெரிந்த ஒரு பெண் ஆசிரியையிடம் கமராவைக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே நிற்கலாம். திரைச்சீலை ஒன்றைக் குறுக்கே தொங்கவிட்டால் மண்டபத்தில் இருப்பவர்களின் பார்வையும் படாது. முன்னதாகவே அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள்.

மதகுருமார் வருவார்கள் என்றால் அவர்களை வரிசையில் நிறுத்தவேண்டாம். பௌத்த பிக்குகள் அமரும் நாற்காலியில் வெள்ளைத் துணி விரிப்பது வழக்கம். அவரோடு சேர்ந்து எடுக்கும்போது மற்றவர்கள் நிற்கலாம், அல்லது அவரை விடத் தாழ்ந்த இருக்கையில் அமரலாம். அவருக்கு அருகில் பெண்களை நெருக்கி நிறுத்தக்கூடாது. குருக்கள், மௌலவி, பங்குத்தந்தை, பிக்கு ஆகிய நால்வரும் ஒரே படத்தில் வரவேண்டி இருந்தால் யார் எங்கே என்பதை அவர்கள் வருவதற்கு முன்பே குழுவோடு பேசி முடித்துவிடுங்கள்.

சம்மதம் என்பது இன்னொரு முக்கியமான விடயம். படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவர் அதை முகநூலில் போடச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டும் தகவலை அவருக்குச் சொன்ன நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டம் இல்லாவிட்டாலும் இது ஒழுக்கம். ஒரு சிறிய சீட்டில் பெயர், தொலைபேசி இலக்கம், அதன் கீழே இரண்டு கட்டங்கள்: படம் எனக்கு மட்டும், குழுவின் முகநூல் பக்கத்திலும் வெளியிடலாம். தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். எந்தக் கட்டமும் குறிக்கப்படாமல் இருந்தால் வெளியிடாதீர்கள். சிறுவர் படம் என்றால் பெற்றோர் குறிக்கவேண்டும். நிதி உதவி பெறும் நோயாளர்கள் யாராவது விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தால் அவர்களையும் மற்ற விருந்தினரைப் போலவே அந்தத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுங்கள். தயவுசெய்து காசோலையைக் கையில் கொடுத்து எடுக்காதீர்கள்.

மீண்டும்: உட்துறைமுக வீதியான்

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று மாலை மண்டபத்துக்குச் சென்று ஒத்திகை பார்த்தேன். பிளாஷை அணைத்து எடுத்த படம் கறுப்பாக வரவில்லை. நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் மங்கலான மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நாங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, வாசல் அலங்காரத்துக்காகப் பொருத்திய குவிய விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மூன்று அடி தள்ளி நின்றதும் படம் முற்றாகக் கறுத்தது. கடந்த ஆண்டுப் படங்களை வீட்டுக்கு வந்து மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதே போன்ற திட்டு பலருடைய தலையில் இருந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பதாகையை வாசலுக்கு மாற்றக் குழு சம்மதித்துவிட்டது. எங்கள் பாடசாலையின் சங்கீத ஆசிரியை படமெடுக்க முன்வந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடிப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. தடித்த சட்டமும் பெரிய வில்லையும் உள்ள கண்ணாடி அணிந்த நண்பர் ஒருவரை நிறுத்திப் பார்த்தேன், குடை முழுவதும் இரண்டு வில்லைகளிலும் வெள்ளையாகத் தெரிந்தது. அச்சிடுவதைப் பற்றியும் யாராவது சொல்லவேண்டும். அன்றிரவே கையில் கொடுப்பது சாத்தியமா, அல்லது மறுநாள் கடையில் கொடுத்து எடுப்பதா? படத்துக்குப் பணம் வாங்கினால் நிதிக்கு இன்னும் சேருமே என்று குழுவில் ஒருவர் கேட்கிறார்.

பதில்: அச்சுக்கூடத்தான்

அன்றிரவே கொடுப்பது சாத்தியம். நிகழ்வுகளுக்கென்று வரும், வெப்பத்தால் சாயத்தைத் தாளில் ஏற்றும் வகைப் பிரிண்டர் ஆறுக்கு நான்கு அங்குலப் படம் ஒன்றைக் கால் நிமிடத்துக்குள் உலர்ந்த நிலையில் தந்துவிடும். கையில் தொட்டாலும் கலையாது, ஒரு துளி நீர் பட்டாலும் கரையாது. வீட்டில் பயன்படுத்தும் சிறிய வகை அதே முறையில் இயங்கினாலும் ஒரு படத்துக்கு முக்கால் நிமிடம் அளவில் எடுக்கும். ஐம்பது படங்களுக்கு அதுவும் போதும். மைத் துளி தெளிக்கும் சாதாரண அலுவலகப் பிரிண்டரை மட்டும் நம்பவேண்டாம். நம் கடலோர ஈரப்பதத்தில் அந்த மை காய்வதற்கு முன் அட்டைக்குள் போனால் ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரம் இடையில் நின்றால் அச்சாகிக்கொண்டிருந்த தாள் பாழாகும். மண்டபத்தில் மின்பிறப்பாக்கி இருந்தாலும் அது இயங்குவதற்குச் சில நொடிகள் எடுக்கும். அந்த இடைவெளிக்கு யூபிஎஸ் வேண்டும். ஆனால் தாளைச் சூடாக்கும் கணத்தில் இந்தப் பிரிண்டர் இழுக்கும் மின்னளவு அதிகம் என்பதால், கணினிக்கு வாங்கிய சிறிய யூபிஎஸ் தாங்குமா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தாளும் சாய நாடாவும் தேவைக்கு மேல் இருபதாவது கூடுதலாக வைத்திருங்கள். குடும்பமாக வருபவர்கள் இரண்டாவது பிரதி கேட்பார்கள், இல்லையென்று சொல்ல மனம் வராது.

யாருடைய படம் எது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுவார்கள். ஆசிரியை சொன்ன சீட்டில் பெரிய எழுத்தில் இலக்கம் ஒன்றை இட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் அந்தச் சீட்டை மார்புக்கு நேரே பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு வரும் நான்கைந்து படங்கள் அந்த இலக்கத்துக்கு உரியவை. அச்சிடுபவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை.

உங்கள் கமராவின் சட்டம் மூன்றுக்கு இரண்டு என்பதால் ஆறுக்கு நான்கு அங்குலத்தில் வெட்டுப்படாமல் பொருந்தும். பத்துக்கு எட்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் நீளப் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். நிமிர்த்தி எடுத்த படமென்றால் அது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் போகும், ஆகவே எடுக்கும்போதே அங்கே சற்று இடம் விட்டு எடுங்கள்.

பணம் வாங்குவது பற்றி எனது கருத்து: அன்றிரவு கொடுக்கும் படத்துக்கு ஒரு ரூபாகூட வாங்கவேண்டாம். அவர்கள் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்து வந்தவர்கள். அந்தப் படம் நீங்கள் சொல்லும் நன்றி. நன்றிக்கு விலை வைத்தால் அது நன்றியாக இராது. மறுநாள் தாமாகவே தொலைபேசியில் கேட்டு, சட்டம் போட்ட பெரிய படம் வேண்டும் என்பவர்களிடம் அச்சுச் செலவோடு நிதிக்கும் சேர்த்து ஒரு தொகை வாங்கலாம். அப்படிக் கேட்பவர்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் படம் கேட்பவர்களுக்குப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் குறைந்துபோகும்.

பதில்: பழைய படப்பிடிப்பாளர்

அந்த மஞ்சள் திட்டைக் கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இனி நீங்கள் எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பீர்கள்.

கண்ணாடிக்கு வருவோம். வெளிச்சம் எந்தக் கோணத்தில் கண்ணாடியில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்று மாணவர்களுக்கு விஞ்ஞானப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா, அதுவே இங்கும் நடக்கிறது. குடை முகத்துக்கு நேரே நெருக்கமாக இருந்தால் திரும்பும் வெளிச்சம் கமராவுக்குள் வரும். குடையை இன்னும் ஓர் அடி உயர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் அதைப் பக்கவாட்டில் கமராவிலிருந்து இன்னும் விலக்குங்கள். அப்படியும் ஒரு வில்லையின் மூலையில் வெள்ளை மிஞ்சினால், அவரைத் தாடையைச் சற்றே தாழ்த்தச் சொல்லி, கண்ணாடியின் காதுத் தண்டுகளை ஓர் அரிசி மணி அளவுக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வில்லைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, வெளிச்சம் தரைக்குப் போய்விடும். பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். நாற்பது ஆண்டுகளாக அதை அணிபவருக்கு அது முகத்தின் ஒரு பகுதி. கழற்றினால் மூக்கில் இரண்டு தழும்புகளும், எங்கே பார்ப்பது என்று தெரியாத கண்களும்தான் வரும்.

முதியவர்களுக்குக் கைப்பிடி உள்ள மர நாற்காலி ஒன்று வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். அது வளையும், அதில் இருப்பவரின் முதுகும் வளையும். நாற்காலியின் முன் பாதியில் அமரச் சொன்னால் முதுகு தானாக நிமிரும். கைகளில் ஒன்றைக் கைப்பிடியில் வைத்து மற்றதை மடியில் வைக்கச் சொல்லுங்கள். உடம்பு வெளிச்சத்தின் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கட்டும், முகம் மட்டும் உங்களைப் பார்க்கட்டும். அவர் அமர்ந்தால் நீங்களும் முழங்காலில் இறங்கி, கமராவை அவருடைய கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் அவர் யாரிடமோ எதையோ கேட்டு நிற்பவர் போலத் தெரிவார்.

சிரிக்கச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் படத்துக்குச் சிரிக்கமாட்டார்கள். சுவரில் மாட்டும் படத்தில் தாம் எப்படி இருக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். பெயரைச் சொல்லி வாய் மூடும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாமல் நான்கு எடுங்கள், யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். எடுத்ததைத் திரையில் அவர்களுக்குக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகு அடுத்தவரை அழையுங்கள்.

நெற்றி வியர்வைக்கு மென்தாள் ஒரு பெட்டி வைத்திருங்கள். விபூதியும் சந்தனமும் அழியாமல் ஒற்றித் துடைக்கவேண்டும் என்பதை உதவும் ஆசிரியைக்குச் சொல்லுங்கள். கமராவைக் குளிர் மண்டபத்திலிருந்து வெளியே பதாகைப் பக்கம் கொண்டுபோகும்போது லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடி வெளியே வைத்து, அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் படியாது. அனுசரணையாளர் படத்துக்கு வேறொரு கமராவை முதலிலிருந்தே வெளியில் வைத்திருக்க முடியுமானால் அதுவே நல்லது. நிகழ்வு முடிந்து வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், படுக்கப் போகுமுன் மெமரி கார்டில் உள்ளவற்றை இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள். அந்தக் கார்டை அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு அழிக்கவேண்டாம்.